மறைத்துக் கட்டுவது சீரமைப்பு ஆகாது

பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் அதன் முகத்தையே மாற்றிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலில் அந்தத் தவறும் நடந்திருக்கிறது, அதற்கு மாற்றான நல்ல வழியும் கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது.

1793இல் ஜார்ஜ் வாஷிங்டன் அடிக்கல் நாட்டிய அந்தக் கட்டடத்தை 1814இல் பிரிட்டிஷ் படையினர் தீயிட்டனர். மீண்டும் எழுந்த கட்டடத்துக்குப் பின்னாளில் இருபுறமும் பெரிய பகுதிகள் சேர்க்கப்பட்டபோது, செம்புத் தகடு வேய்ந்த பழைய மரக் குவிமாடம் சிறுத்துத் தெரியவே, தாமஸ் வால்டர் வடிவமைத்த வார்ப்பிரும்புக் குவிமாடம் அதன் இடத்தைப் பிடித்தது. 1863 டிசம்பரில் அதன் உச்சியில் ஏறிய வெண்கலச் சுதந்திரச் சிலையை வார்த்தவர்களில் பிலிப் ரீட் என்ற அடிமைத் தொழிலாளியும் ஒருவர். வார்ப்பு அச்சுகளின் அடியில் நெருப்பு அணையாமல் காத்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் நாளொன்றுக்கு ஒன்றேகால் டாலர் அவர் கைக்கு வந்தது. மற்ற ஆறு நாள் கூலியும் எசமானருக்குப் போனது. சிலை மேலேறும் முன்பே, 1862இல், அவர் விடுதலை பெற்றிருந்தார் என்பது எனக்குப் பெரும் ஆறுதல்.

கிழக்கு முகப்பின் மணற்கல் அரித்துப்போனது உண்மைதான். ஆனால் 1958க்கும் 1962க்கும் இடையே, அதற்கு ஏறத்தாழ 32 அடி முன்னால் பளிங்கில் ஒரு நகல் முகப்பை எழுப்பி, பழைய சுவரை உள்சுவராக்கிவிட்டார்கள். அங்கிருந்து அகற்றப்பட்ட தூண்கள் இன்று தேசிய மரப்பூங்காவின் புல்வெளியில் தாங்குவதற்குக் கூரையின்றி நிற்கின்றன. மேற்கு முகப்புக்கும் அதே கதி நேரவிருந்தது. கட்டடக் கலைஞர்கள் விடாமல் எதிர்த்ததால், 1983இல் விரிவாக்கம் கைவிடப்பட்டு, நலிந்த கற்களை மட்டும் மாற்றிச் சுவரை வலுப்படுத்தும் பணி தொடங்கி 1987இல் முடிந்தது. அதுவே முறையான சீரமைப்பு.

2014 முதல் 2016 வரை நடந்த குவிமாடப் பணியை இன்னும் ஒரு படி மேலாக மதிக்கிறேன். இரும்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விரிசல்கள் இருந்தன. பழைய வார்ப்பிரும்பைப் பற்றவைக்க முயன்றால் சூட்டில் புதிய விரிசல் விழும் என்பதால், விரிசலின் குறுக்கே துளையிட்டு உலோகப் பூட்டுகளைப் பதித்து, அதன் நெடுகிலும் திருகாணிகளை நெருக்கமாக இறக்கித் துணி தைப்பதைப் போலத் தைத்தார்கள். மேலே வண்ணம் பூசியபின் அந்தத் தையல் யார் கண்ணிலும் படாது. திறப்பு விழாவுக்கு உதவாத இத்தகைய வேலைக்குத்தான் அரசுகள் முதலில் நிதி ஒதுக்க வேண்டும்.

கிழக்கு முகப்பிலிருந்து எடுத்த மணற்கல் ஒன்று, அடிமைத் தொழிலாளர்களின் உழைப்புக்கு நினைவுச் சின்னமாக 2012இல் பார்வையாளர் மையத்தில் வைக்கப்பட்டது. அதன் மேல் பழைய உளித்தடங்கள் இன்றும் தெரிகின்றன. அத்தகைய கற்கள் முகப்பிலேயே இருந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.