பீஸ் போஸ்டிங் வந்தால் பெட்டியைக் கட்டுங்கள்

என் சித்தி மகள் போன வாரம் ஃபோன் செய்தாள். பட்டாளத்தில் இருக்கிற அவள் வீட்டுக்காரருக்கு, எல்லைப் பக்கத்து ஃபீல்டு முடிந்து, குடும்பத்தோடு இருக்கக்கூடிய பீஸ் ஸ்டேஷனுக்குப் போஸ்டிங் வந்திருக்கிறது. குவார்ட்டர்ஸும் சீக்கிரம் கிடைத்துவிடும் என்கிறார்களாம். ஆனால் மாமியார், "புள்ள இப்பத்தான் ரெண்டாவது படிக்கிறான், ஊர் ஊரா இழுத்துக்கிட்டுப் போனா படிப்பு கெட்டுடும். நீ இங்கயே இரு, அவன் லீவுல வந்து போவட்டும்" என்று சொல்லிவிட்டார். இவளும் அரை மனசாகத் தலையாட்டியிருக்கிறாள். வேலூர் பக்கத்தில் இது ஒரு வீட்டுக் கதை கிடையாது. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர்களில் தெருவுக்கு நாலு மருமகள்கள் இந்தக் காரணம் சொல்லித்தான் ஊரிலேயே இருக்கிறார்கள். அதனால் அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்: சின்னப் பிள்ளைகளாக இருந்தால் கிளம்பிப் போய்விடுங்கள். படிப்பு கெடாது.

இன்னொன்று. 2020இல் ராணுவத்தில் 89 ஆப்களை ஃபோனிலிருந்து எடுக்கச் சொன்னார்கள், அதில் நான் இதை எழுதுகிற ஃபேஸ்புக்கும் ஒன்று. அதனால் என் வீட்டுக்காரர் இதைப் படிக்கப் போவதில்லை. தைரியமாக எழுதலாம்.

"லீவுல வந்து போவட்டும்" என்று சொல்கிறவர்கள் லீவுக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. கேட்க மூன்று மாசம் மாதிரி இருக்கும். அதை யாரும் மொத்தமாகக் கையில் கொடுப்பதில்லை. யூனிட்டில் ஆள் இருக்கிறதைப் பொறுத்து துண்டு துண்டாகத்தான் வரும். வடக்கே மேலே இருப்பவர் என்றால் டிரான்சிட் கேம்ப்பில் வண்டிக்கோ விமானத்துக்கோ காத்துக் கிடக்கிற நாள் வேறு. அப்புறம் ரயில். ஜம்மு பக்கத்திலிருந்து நேராக வருகிற ஹிம்சாகர் ரயில் வாரத்துக்கு ஒரு நாள்தான் காட்பாடி வழியாக வரும், பெரும்பாலும் டெல்லி வந்து வண்டி மாற வேண்டியிருக்கும். வந்து இறங்கினால் கோயில், கல்யாணம், பேங்க், நிலத்துக் கணக்கு, நின்றுபோன மோட்டார். தெருவில் நடந்தால் இரண்டே கேள்வி: "எப்ப வந்த? எப்ப போற?" மூன்றாவது கேள்வி மிலிட்டரி கேன்டீன் சரக்குக் கோட்டா பற்றி, அது ராத்திரி எட்டு மணிக்கு மேல் வரும்.

இதற்கு நடுவில் பிள்ளைக்கு எந்த அப்பா கிடைக்கிறார்? லீவு அப்பா. கேட்டதெல்லாம் வாங்கித் தருகிற, எதற்கும் "வேண்டாம்" சொல்லாத விருந்தாளி. திட்டுவது, ஹோம்வொர்க் போட வைப்பது, ஊசி போடக் கூட்டிப் போவது எல்லாம் அம்மா. நாங்கள் குவார்ட்டர்ஸுக்குப் போன முதல் மாசம், கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதென்று பையனை அவர் ஒரு சத்தம் போட்டார். அவன் அழவில்லை, திகைத்துப்போய் என்னைப் பார்த்தான், 'இவருக்குத் திட்டக்கூடத் தெரியுமா' என்கிற மாதிரி. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். அன்றிலிருந்துதான் அவர் வீட்டு ஆளாக ஆனார்.

சரி, படிப்புக்கு வருவோம். கேந்திரிய வித்யாலயா எதற்காக வந்தது என்று மாமியாருக்குத் தெரியாமல் இருக்கலாம், நமக்குத் தெரிய வேண்டும். 1963இல் ரெஜிமெண்டல் பள்ளிகள் இருபதை எடுத்துத்தான் அதைத் தொடங்கினார்கள். மாற்றலாகிற அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு, அதிலும் பட்டாளத்துப் பிள்ளைகளுக்கு, எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பாடம் இருக்கட்டும் என்றுதான். நம் பிள்ளைகள் அங்கே வந்தேறிகள் இல்லை. வகுப்பில் பாதிப் பேர் போன வருஷம் வேறு ஊரில் இருந்தவர்கள். புதுப் பிள்ளை வந்தால் யாரும் வெறித்துப் பார்க்க மாட்டார்கள், 'எந்த ஸ்டேஷன்லேர்ந்து வர்ற' என்று கேட்டுவிட்டு விளையாடக் கூட்டிப் போவார்கள்.

சிக்கல் இல்லையா? இருக்கிறது. நம்மூரில் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், அங்கே ஏப்ரலில். போஸ்டிங் ஆர்டர் இரண்டையும் பார்த்து வராது. நடுவருஷத்தில் போனால் சில மாசம் தடுமாறத்தான் செய்வார்கள். ஹிந்தி எழுத்து புரியாமல் என் பையன் முதல் பரீட்சையில் படம் வரைந்துவிட்டு வந்தான். அடுத்த வருஷம் எனக்கே அவன்தான் ஹிந்தி திருத்தினான், இன்னும் திருத்துகிறான். தமிழ்தான் கவலை. வடக்கே டைம்டேபிளில் தமிழ் இருக்காது. அதை வீட்டில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு அரசுப் பாடப்புத்தகம் ஆன்லைனில் இலவசமாகக் கிடைக்கிறது. நான் அதை பிரிண்ட் எடுத்து, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பக்கம் என்று வைத்திருந்தேன். ஒழுங்காக நடந்ததா என்றால் வாரத்தில் பாதி நாள் நடந்தது. அது போதும், இப்போது ஆயாவுக்கு தினத்தந்தி வாசித்துக் காட்டுகிறான்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் நான் சொல்வது செல்லாது. போர்டு பரீட்சைக்கு ஒன்பதிலேயே பதிவு செய்துவிடுவார்கள், அதற்கு மேல் ஒரே இடத்தில் இருப்பதுதான் நல்லது. நானும் அதற்காகத்தான் இப்போது வேலூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஆனால் ஒன்றாவது, இரண்டாவது படிக்கிற பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பயத்தை இப்போதே காட்டி அப்பாவைப் பிரித்து வைப்பது அநியாயம்.

இதுவரை சொன்னது பிள்ளைக்காக. நான் அடித்துச் சொல்வது நமக்காக.

ஊரில் தனியாக இருக்கிற பட்டாளத்துக்காரர் பெண்டாட்டிக்குத் தோழி கிடையாது. சொந்தம் இருக்கும், கூடப் படித்தவள் பக்கத்துத் தெருவில்தான் இருப்பாள். ஆனால் கொஞ்சம் நல்ல புடவை கட்டினால் "புருஷன் எல்லையில நிக்கிறான், இவளுக்கு என்ன மினுக்கு" என்பார்கள். சாயம்போன நைட்டியில் இருந்தால் "பணம் அனுப்புறானே, எங்க போகுது" என்பார்கள். ராத்திரி டிவியில் எல்லைச் செய்தி ஓடினால் நாலு பேர் வந்து, "தம்பி அங்கதானே?" என்று கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்ப்பார்கள். அக்கறைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் நமக்கு வேண்டியது, தானும் அதே செய்தியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பட்டாணி உரிக்கிற ஒருத்தி.

பஞ்சாப் குவார்ட்டர்ஸில் அப்படி ஒரு கூட்டம் எனக்குக் கிடைத்தது. எந்த ஊர் என்று எழுத மாட்டேன். குளிர்காலத்தில் பதினொரு மணிக்கு மேல்தான் வெயில் வரும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் பிளாக்குக்கு முன்னால் கயிற்றுக் கட்டிலைப் போட்டு எல்லாரும் உட்கார்ந்துவிடுவோம். ஒருத்தி ஸ்வெட்டர் பின்னுவாள், ஒருத்தி கடுகுக்கீரை ஆய்வாள். உத்தராகண்ட் மலைப்பக்கத்துக் குமாவுன்காரி, ஒடியாக்காரி, கேரளத்து அக்கா, நான் 'மதராசி பாபி' (அண்ணி). பேச்சு எல்லாம் மாமியார், மேத்ஸ் டீச்சர், கேன்டீனில் குக்கர் வந்திருக்கா, இவ்வளவுதான். யாரும் யாரையும் தியாகி என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் சிரித்துவிடுவோம்.

பீஸ் ஸ்டேஷன் என்றால் புருஷன் தினமும் வீட்டில் இருப்பார் என்று நினைக்காதீர்கள். கார்டு டியூட்டி, கோர்ஸ், எக்ஸர்சைஸ் (போர்ப் பயிற்சி) என்று ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கும். அப்படி எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் ராஜஸ்தானுக்கு எக்ஸர்சைஸ் போயிருந்த ஒரு ஜனவரி ராத்திரி, பாப்பாவுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். குமாவுன்காரி திறந்தாள், பாப்பாவைப் பார்த்தாள். தன் தோளில் இருந்த சால்வையை என் நைட்டிக்கு மேல் போட்டுவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த என் பையனைத் தூக்கிப் போய்த் தன் பிள்ளைகளுக்கு நடுவில் படுக்க வைத்தாள். மாடி வீட்டு ஒடியாக்காரி அதற்குள் எம்.ஐ. ரூமுக்கு (பட்டாளத்து வைத்திய அறை) ஃபோன் போட்டுவிட்டாள். ஆம்புலன்ஸில் என்கூட ஏறினது கேரளத்து அக்கா. மிலிட்டரி ஆஸ்பத்திரியில் விடியற்காலை பாப்பா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். நான் வீடு திரும்பும்போது பையன் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தான். அவன் ஸ்வெட்டர் எங்கே என்று தேடத் தெரியாமல், குமாவுன்காரி தன் பையனுடையதை, கையை இரண்டு மடிப்பு மடித்துப் போட்டு அனுப்பியிருக்கிறாள். டிபனுக்கு முள்ளங்கிப் பராட்டா. முள்ளங்கி என்றால் தட்டைத் தள்ளுகிறவன், டப்பாவைக் காலி செய்துவிட்டு வந்தான்.

இந்த விஷயம் என் வீட்டுக்காரருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். ஊரில் நடந்திருந்தால் என் அம்மா அப்பா ஓடி வந்திருப்பார்கள், உண்மைதான். ஆனால் அடுத்த பத்து வருஷத்துக்கு "அன்னிக்கு நாங்க இல்லன்னா" என்ற பேச்சும் கூட வந்திருக்கும். அந்தக் குமாவுன்காரி அதை ஒரு தடவைகூடத் திரும்பப் பேசவில்லை. அவளுக்கு டெங்கு வந்தபோது அவள் வீட்டுச் சமையல் என் அடுப்பில்தான் நடந்தது, நானும் பேசவில்லை.

இந்தச் சிநேகத்தில் குறையும் உண்டு. என் வீட்டுக்காரர் இ.எம்.இ., அதாவது பட்டாளத்து வண்டி, ஆயுதமெல்லாம் பழுது பார்க்கிற பிரிவு. அதில் ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகத்தான் மாற்றுவார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் மாதிரி இன்ஃபென்ட்ரி (காலாட்படை) பட்டாலியன் என்றால் யூனிட்டே மொத்தமாக நகரும், பெண்களுக்கும் அதே முகங்கள் கூடவே வரும் (சண்டை போட்டவளும் கூடவே வருவாள், அது வேறு). நமக்கு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் முதலிலிருந்து. அப்புறம் ரேங்க். கேரளத்து அக்கா வீட்டுக்காரர் புரமோஷனில் நாயப் சுபேதார் ஆனதும் அவர்கள் அந்த ரேங்குக்காரர்களுக்கான ஜே.சி.ஓ. குவார்ட்டர்ஸுக்கு மாறிப் போனார்கள். பெண்டாட்டிகளுக்கு நடக்கிற அடுத்த வெல்ஃபேர் மீட்டிங்கில் அக்கா முன் வரிசை, நாங்கள் பின்னால். அக்கா மாறவில்லை, நாங்கள்தான் கொஞ்சம் விறைத்துக்கொண்டோம். புருஷன் தோளில் ஒரு நட்சத்திரம் ஏறினால் பெண்டாட்டிகளின் பேச்சில் ஏன் மரியாதை ஏற வேண்டும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பிரிகிற அன்றைக்கு மனசு கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தால், அதற்கு நேரமே இருக்காது. கருப்பு டிரங்குப் பெட்டிகளில் நம்பரும் பேரும் வெள்ளை பெயின்ட்டில் எழுத வேண்டும். வீட்டைத் திருப்பி ஒப்படைக்கிற மார்ச்-அவுட்டுக்கு, குவார்ட்டர்ஸைப் பராமரிக்கிற எம்.இ.எஸ். ஆள் வந்து பல்பு ஹோல்டர், குழாய், ஜன்னல் கண்ணாடி என்று எண்ணிக்கொண்டிருப்பார். கூலரைப் பாதி விலைக்கு அடுத்தவளிடம் தள்ள வேண்டும். கடைசி இரண்டு நாள் நம்மை அடுப்புப் பற்றவைக்க விடமாட்டார்கள், ஒரு வேளை ஒரு வீட்டில் சாப்பாடு. நான் அந்த வீட்டுக்குப் போனபோது பின்பக்கம் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது. யாரோ நம்மூர்க்காரி வைத்துவிட்டுப் போனது. பஞ்சாப் குளிரில் அதைச் சாக்குப் போட்டு மூடிக் காப்பாற்றியிருக்கிறாள் என்றால் அவள் எவ்வளவு பிடிவாதக்காரியாக இருந்திருக்க வேண்டும்!

எல்லாருக்கும் இது பொருந்தாது என்பதும் தெரியும். நர்ஸ், டீச்சர் என்று நிரந்தர வேலையில் இருப்பவள் வேலையை விட்டுவிட்டுப் போ என்று நான் சொல்ல மாட்டேன். மாமனார் படுக்கையில் இருந்தால் அது வேறு கணக்கு. நடமாடுகிற பெற்றோர் என்றால் அவர்களையும் கூட்டிப் போகலாம். டிபெண்டன்ட் என்று பதிவாகியிருந்தால் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் வைத்தியமும் உண்டு. என் மாமியார் ஒரு குளிர்காலம் வந்து இருந்தார். ஊருக்குத் திரும்பி இன்றுவரை கடுகுக்கீரை பற்றிப் பேசுகிறார்.

சித்தி மகளே, நீ கிளம்புவதாக இருந்தால் முதலில் அவரிடம் கேள்: கல்யாணம், இரண்டு பிள்ளைகள் பிறந்தது எல்லாம் பார்ட் டூ ஆர்டரில் (பட்டாளத்துப் பதிவு) ஏறியிருக்கிறதா, ஆதாரில் இருக்கிற உன் பேரும் ரெக்கார்டில் இருக்கிற பேரும் ஒன்றா. இனிஷியல் மாறியிருந்தால் இப்போதே சரிசெய்யச் சொல், அங்கே போய் அலையாதே. பள்ளிக்கூட டி.சி.யை ஒரிஜினலாக வாங்கி ஹேண்ட்பேக்கில் வை, டிரங்குப் பெட்டியில் போடாதே. மெத்தை, ரஜாய் எதையும் இங்கிருந்து சுமக்க வேண்டாம், அங்கே நல்லதாகக் கிடைக்கும். கிரைண்டர் கொண்டு போ. ஜனவரியில் மாவு புளிக்காது, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வை.

உங்களில் யாருக்காவது புதுசாகப் போஸ்டிங் வந்திருந்தால் ஸ்டேஷன் பேரையோ யூனிட் பேரையோ கமெண்டில் போடாதீர்கள். இன்பாக்ஸிலும் எழுத வேண்டாம், 'ஃபோன் பண்றேன்' என்று மட்டும் சொல்லுங்கள். எந்த ஊராக இருந்தாலும் அங்கே எனக்குத் தெரிந்த ஒருத்தி இருப்பாள், இல்லாவிட்டால் குமாவுன்காரிக்குத் தெரிந்தவள் இருப்பாள்.