நாய்ச் சண்டைக்குள் கையை விடாதீர்கள், பால்கனியிலிருந்து இறங்கி வாருங்கள்

என் வலது கையில், பெருவிரலுக்குக் கீழே சதைப்பிடிப்பான இடத்தில், இரண்டு வெள்ளைத் தழும்புகள் இருக்கின்றன. கையைத் திருப்பினால் புறங்கையில் இன்னும் இரண்டு. நான்கும் எங்கள் ஜிம்மியின் பல் பட்ட இடங்கள். ஏழு வருடமாக என் கையால் சோறு தின்கிற நாய். "வளர்த்த நாயே கடிச்சிட்டுதா?" என்று யாராவது கேட்டால் அவனுக்காக வாதாட வேண்டும்போல இருக்கும். சண்டை பிடித்துக்கொண்டிருந்த நாயின் கழுத்துப்பக்கம் ஏதோ ஒன்று வந்தது, அதைக் கடித்தான். யாருடைய கை என்று பார்க்க அவனுக்கு நேரம் இருக்கவில்லை.

இந்தக் கிழமை எங்கள் ஒழுங்கையில் இன்னொரு பெண்ணுக்கு இதே இடத்தில், இதே மாதிரி நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில்தான் நாங்கள் இருக்கிறோம். விடிய ஆறு மணிக்கு ஜிம்மியை மரைன் டிரைவ் வரைக்கும் நடத்திக்கொண்டு போவேன். ஒழுங்கைக்கென்று ஒரு கட்டாக்காலி நாய் இருக்கிறது, கறுப்பன் என்று கூப்பிடுவோம். ஐந்தாறு வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவன். நான் கடிபட்ட அன்றைக்கு ஒரு பெட்டை நாய்க்குப் பருவம், சுற்றிவர நாலைந்து கடுவன் நாய்கள். அதைக் கண்ட உடனேயே நான் திரும்பியிருக்க வேண்டும். கறுப்பன் குரைக்கவில்லை. வாயை இறுக மூடி, வாலைக் கம்பிபோல நிமிர்த்தி, ஆடாமல் அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். குரைக்கிற நாயைவிட அப்படி விறைத்து நிற்கிற நாய்க்குத்தான் பயப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. பயத்தில் ஜிம்மியின் சங்கிலியை இழுத்துப் பிடித்தேன். அதுவும் பிழை. சங்கிலி இறுகினால் நாய்க்கு விலகிப் போக வழி கிடையாது, அதன் விறைப்பும் கூடும்.

அடுத்த நொடியே இரண்டும் கொழுவிக்கொண்டன. நாய்ச் சண்டையின் சத்தத்தைக் கிட்ட நின்று கேட்டவர்களுக்குத் தெரியும், மூளை வேலை செய்யாது. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் நாலு மாடி, ஐந்து மாடி. ஒவ்வொரு பால்கனியிலும் ஆள். "சங்கிலிய விடு!" "விடாத, விடாத!" "கல்லால எறி!" "தண்ணி ஊத்து!" தண்ணீர் என் கையில் ஏது? ஒருவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஜிம்மியின் கழுத்துப்பட்டியைப் பிடிக்கக் குனிந்தேன். பக்கத்து மாடிக் காவலாளி, வயதான சிங்கள ஐயா, "அத தான்ன எபா மிஸ், அத தான்ன எபா!" என்று கத்தினார். கையை வைக்க வேண்டாம் என்கிறார். அதற்குள் வைத்துவிட்டேன். அவர்தான் கார் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரோடு ஓடிவந்து இரண்டு நாயின் முகத்திலும் வீசினார். மூக்குக்குள் தண்ணீர் போனதும் இரண்டும் தும்மிக்கொண்டு பிடியை விட்டன. அவ்வளவுதான். நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நின்ற சண்டையை ஒரு வாளித் தண்ணீர் முடித்தது.

அன்றிலிருந்து நான் சொல்லிவருவது ஒன்றைத்தான். நாய்ச் சண்டையை விலக்குப் பிடிப்பது தனி ஆளின் வேலை கிடையாது. இரண்டு பேர் வேண்டும், இடையில் வைக்க ஒரு பொருள் வேண்டும். நாய்க்காரரின் பாசமும் துணிச்சலும் அந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவாது, அவை கையைத்தான் உள்ளே விடச் சொல்லும். கொழும்பில் எங்களுக்கு ஆளுக்குக் குறைவில்லை. ஒரு ஒழுங்கையிலேயே நூறு குடும்பம். ஆனால் எல்லோரும் மேலே நின்று கத்துகிறோம். கத்தக் கத்த நாய்களுக்கு வெறி ஏறுமே தவிர இறங்காது. இது எனக்கு உண்மையாகவே மனவருத்தம் தருகிற விஷயம். வெள்ளம் வந்தால் பக்கத்து வீட்டுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக்கொடுக்கிற சனம் நாங்கள். இதற்கு ஏன் படியிறங்கக் கூடாது?

சரி, இறங்கி வந்தால் என்ன செய்வது?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பல சண்டைகள் சத்தத்தோடு சில நொடிகளில் தானாகவே முடிந்துவிடும். பாய்வதும் உறுமுவதும்தான், பல் ஆழமாக இறங்காது. அந்த நொடிகளில் ஒரு பெரிய சத்தம் போதும், சட்டி மூடி இரண்டைத் தட்டலாம். அதற்கும் பிரியாவிட்டால் தண்ணீர். பைப்பில் ரப்பர் குழாய் பொருத்தியிருந்தால் அதை நேரே மூக்கிலும் வாயிலும் பிடிக்க வேண்டும், முதுகில் ஊற்றிப் பயனில்லை. பிறகு, இடையில் ஏதாவது: பிளாஸ்டிக் கதிரை, பலகை, தடித்த பெட்ஷீட். கொழும்பில் குடை இல்லாமல் வெளியே போகிறவர் யார்? எதிரே வருகிற நாய் விறைக்கும்போதே குடையை அதன் முகத்துக்கு நேரே சட்டென்று விரித்தால் பல நேரம் சண்டையே தொடங்காது. நான் இப்போது வெயில், மழை எதுவும் பார்க்காமல் குடையோடுதான் நடக்கிறேன்.

இவை எதற்கும் விடாத சண்டைக்குத்தான் பின்னங்கால் பிடி. இதைப் பலர் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பார்கள், அரைகுறையாகச் செய்தால் கடிதான் மிஞ்சும். அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

சில மாதங்களுக்குப் பிறகு எங்கள் மாடியின் கார் நிறுத்துகிற இடத்தில் ஜிம்மியும் கீழ்வீட்டுத் தம்பியின் நாயும் பிடித்துக்கொண்டன. இரண்டும் எங்களுக்குப் பழகிய நாய்கள், ஊசி போட்டவை. அந்தத் தம்பி தன் நாயின் பின்னால் போனார், நான் ஜிம்மியின் பின்னால். "அக்கா, நீங்க சொல்லுங்கோ" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஒரே நேரத்தில் தூக்கினோம். தள்ளுவண்டியின் கைபிடியைத் தூக்குவதுபோல இரண்டு பின்னங்காலையும் தூக்க வேண்டும். பாதத்தில் பிடித்தால் மூட்டு பிசகும், தொடைப்பக்கம் உயர்த்திப் பிடிக்க வேண்டும். பிறகு நேரே இழுக்காமல் வளைந்து வளைந்து பின்னால் நடக்க வேண்டும். அப்போது நாய் விழாமல் இருக்க முன்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருக்கும், திரும்பி உங்களைக் கடிக்க அதற்கு வாய்க்காது. நின்றீர்களோ, திரும்பிவிடும். ஜிம்மியின் தொடை என் கைக்குள் இயந்திரம்போல நடுங்கிக்கொண்டிருந்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அவனை மாடிப்படிக்குப் பின்னால் கொண்டுபோய்க் கதவைச் சாத்தும் வரைக்கும் நான் காலை விடவில்லை. பலர் இங்கேதான் பிழை விடுகிறார்கள். பிரிந்ததும் அப்பாடா என்று கையை விடுவார்கள், நாய் திரும்ப ஓடிப்போய்ப் பிடிக்கும். இரண்டாவது பிடி முதலாவதைவிட மோசமாக இருக்கும். ஒன்றை ஒன்று பார்க்காத இடத்தில் அடைக்க வேண்டும். அன்றைக்கே சமாதானம் செய்துவைக்கப் பார்க்க வேண்டாம்.

ஒரு நாய் கடித்த பிடியை விடாமல் வைத்திருந்தால் இழுக்கவே கூடாது. இழுத்தால் சதை கிழிந்து வரும். அப்போது தண்ணீரும் போர்வையும்தான். அப்புறம், உதவிக்கு ஆளே இல்லையென்றால், சங்கிலியை ஒரு நாயின் வயிற்றுக்குக் கீழே, பின்னங்காலுக்கு முன்னால் கொடுத்து, அதன் கைபிடிக்குள் நுழைத்துச் சுருக்காக்கிப் பின்னால் இழுத்து, கேற்றிலோ கம்பத்திலோ கட்டிவிட்டு, மற்ற நாயைப் பின்னால் இழுக்கலாம். கஷ்டமான வேலை, ஆனாலும் தலைப்பக்கம் கையை விடுவதைவிட ஆயிரம் மடங்கு பாதுகாப்பு. சின்ன நாயைச் சண்டையின் நடுவே கையில் தூக்குகிறவர்களையும் பார்க்கிறேன், அநேகமாகப் பிள்ளைகள். மற்ற நாய் பாய்வது பிள்ளையின் நெஞ்சுக்கும் முகத்துக்கும்தான். பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுங்கள்: சங்கிலியை விட்டுவிட்டு விலகி நின்று பெரியவர்களைக் கூப்பிடு.

தெரியாத தெருநாயில் இந்தப் பின்னங்கால் பிடியை நான் செய்ய மாட்டேன், யாரையும் செய்யச் சொல்லவும் மாட்டேன். எங்கள் நாட்டில் விசர்நாய்க்கடி (ரேபிஸ்) நோய் இன்னும் இருக்கிறது. தெருநாய்க்குத் தண்ணீரும் பலகையும் மட்டும். வாயால் எச்சில் வழிய, தள்ளாடிக்கொண்டு, கண்டதையெல்லாம் கடிக்கிற நாயாக இருந்தால் தண்ணீரும் வேண்டாம், கேற்றைப் பூட்டிவிட்டு மாநகர சபைக்கு அறிவியுங்கள்.

அடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைக்கு என் கையில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் தும்புத்தடியோடு வந்து, அதற்குள் சண்டையை விட்டு ஒதுங்கி நின்ற கறுப்பனுக்கு இடுப்பில் விளாசினார். எனக்காகத்தான் செய்தார், தெரியும். ஆனால் சண்டைக்குள் நிற்கிற நாய்க்கு நோவு வந்தால் அது மற்ற நாயால் வந்தது என்றே எண்ணி இன்னும் இறுக்கிக் கடிக்கும். கொதிதண்ணீர் ஊற்றுகிற வீடுகளும் இருக்கின்றன. தோல் வெந்து, உரோமம் கொட்டி, மாதக்கணக்கில் அலைகிற நாய்களைக் கண்டிருக்கிறேன். 2006 முதல் தெருநாய்களைக் கொல்வதில்லை என்று அரசே முடிவெடுத்திருக்கிற நாடு இது. அவற்றோடுதான் வாழப்போகிறோம். கருத்தடை செய்தால் பருவகாலச் சண்டை குறையும். சோறு வைப்பவர்கள் ஒரே இடத்தில் குவித்துக் கொட்டாமல், மூன்று நாய்க்கு மூன்று மூலையில் வைத்தால் மிச்சமும் குறையும்.

இனி, கடிபட்டால். எனக்குச் செய்யத் தெரியாமல் போனது இதுதான். கையைச் சீலையால் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன். முதல் வேலை குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுவது. மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் நினைப்பதைவிட நீளமானது. கோப்பித்தூள், மஞ்சள் எதுவும் வைக்க வேண்டாம். பிறகு அன்றைக்கே ஆஸ்பத்திரி. "எங்கட நாய்தானே, ஊசி போட்டதுதானே" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அந்த வாய் சற்று முன்னர்வரை ஒரு தெருநாயின் கழுத்தில் இருந்த வாய். எந்த ஊசி, எத்தனை என்பதை வைத்தியர்தான் முடிவெடுக்க வேண்டும். இரண்டு நாய்களும் சுகமாக இருக்கின்றனவா என்று 14 நாள் கவனிக்கச் சொன்னார்கள். கறுப்பனைத் தினமும் தேடிப்போய்ப் பார்த்த அந்த இரண்டு கிழமையும் எனக்கு நித்திரை இல்லை.

நாயையும் மறக்காதீர்கள். வேட்டைப்பல் உள்ளே போன இடம் வெளியில் பொத்தான் துளை அளவுதான் தெரியும், உரோமம் அதையும் மூடிவிடும். உள்ளே சதை கிழிந்திருக்கும். ஜிம்மிக்கு ஒன்றுமில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். மூன்றாம் நாள் தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவு வீங்கி, தொட்டால் கொதித்தது. மிருக வைத்தியர் அறுத்துச் சீழ் எடுத்தார். அன்றைக்கே கொண்டுபோயிருந்தால் மருந்தோடு முடிந்திருக்கும். காதுக்குப் பின்னால், கக்கத்தில், தொண்டையில் உரோமத்தை விலக்கி விலக்கிப் பாருங்கள். தெருநாய் கடித்திருந்தால், வருடாந்த விசர்நாய்த் தடுப்பூசி போட்ட நாய்க்கும் உடனே இன்னொன்று போட வேண்டும்.

இப்போது எங்கள் மாடியில் தண்ணீர் மீற்றருக்குப் பக்கத்தில் பழைய அலுமாரிக் கதவு ஒன்று சாத்தி வைத்திருக்கிறோம், பிடிக்க வசதியாக இரண்டு ஓட்டை போட்டுக் கயிறு கட்டி. பக்கத்தில் நிரப்பிய வாளி. காவலாளி ஐயா ஒவ்வொரு காலையும் பழைய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடித்து வைக்கிறார்.

நேற்றுப் பின்னேரம் மூன்றாம் மாடி அன்ரி படியிறங்கி வந்தார். அன்றைக்குக் "கல்லால எறி" என்று கத்தியவர்களில் அவரும் ஒருவர். "பிள்ளை, அந்தப் பின்னங்கால் பிடிக்கிறத ஒருக்கா காட்டு பாப்பம்" என்றார். ஜிம்மியை நிற்க வைத்து, எங்கே பிடிக்க வேண்டும் என்று அவர் கையை எடுத்து அவன் தொடையில் வைத்துக் காட்டினேன்.