திறப்புக் கோர்வையில் ஒரு விமானம்

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்த என் கடைசி மகன் சாப்பாட்டு மேசையில் ஒரு திறப்புக் கோர்வையை வைத்தான். அதில் பெருவிரல் அளவில் வெள்ளி நிறப் போர் விமானம் ஒன்று தொங்கியது. கூர் மூக்கு, முக்கோண இறக்கை, விமானி இருக்கும் கண்ணாடிக் கூடுகூட அச்சொட்டாக இருந்தது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இறக்கைக்குக் கீழே வழுவழுவென்று இருந்தது. குண்டு இல்லை. குண்டு தொங்கும் கொக்கியும் இல்லை.

"தொழில் வழிகாட்டல் நாள், அப்பா. பிளேன் செய்யிற கொம்பனி வந்தது. ஆமிக்காரரும் வந்தவை" என்றான்.

அவனுக்கு 15 வயது. வருகிற கோடையில் ஜிசிஎஸ்இ, இங்கே பிரித்தானியாவில் 16 வயதளவில் எழுதுகிற பொதுப் பரீட்சை. பள்ளிக்கூடம் முன்கூட்டியே அனுப்பிய கடிதத்தை மின்னஞ்சலில் தேடி எடுத்து வாசித்தேன். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்று இருந்தது. ஊக்கம், எதிர்காலம், வாய்ப்பு எல்லாம் இருந்தன. ஆயுதம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அந்த நிறுவனத்தின் பெயரையோ பள்ளிக்கூடத்தின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. நாடு முழுக்க நடக்கிற ஒரு விஷயத்துக்கு ஒரு பள்ளிக்கூடத்தைக் கூண்டில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் 1985-க்குப் போக வேண்டும்.

அப்போது எனக்கும் 15 வயது. யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்தேன். 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஊரே கொதித்துக்கொண்டிருந்த காலம், தெருவுக்குத் தெரு ஒவ்வொரு ஆயுத இயக்கத்தின் சுவரொட்டி. ஒரு நாள் மத்தியானம் எங்களை மண்டபத்தில் இருத்தினார்கள். இரண்டு பேர் வந்தார்கள். இருபது வயதுகூட இருக்காது. எந்த இயக்கம் என்பது இப்போது எனக்கு முக்கியமில்லை. நன்றாகக் கதைத்தார்கள். யாழ் நூலகம் எரிந்ததைச் சொன்னார்கள், வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. யாரும் எங்களை மிரட்டவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. அதிபர் பின்வரிசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அந்தக் காட்சிதான் இன்றுவரை மறக்கவில்லை. அதிபர் நிற்கிறார், வாத்தியார்மார் நிற்கிறார்கள், அவர்கள் முன்னால் ஒருவர் வந்து பேசுகிறார் என்றால் பிள்ளைக்கு அது பாடம். பரீட்சைக்கு வரும் பாடத்தை எப்படி நம்புகிறானோ அப்படித்தான் அதையும் நம்புவான்.

அடுத்த கிழமை எங்கள் வகுப்பில் இரண்டு வாங்குகளில் இடம் காலியாக இருந்தது. போனவர்களில் ஒருவன் கேத்திரகணிதத்தில் கெட்டிக்காரன், எங்களுக்கெல்லாம் சொல்லித் தருகிறவன். படகேறி ஆயுதப் பயிற்சிக்குப் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது. அவனுடைய சைக்கிள் மதிலோரம் அப்படியே நின்றது. நாலாம் நாள் அவன் அம்மா வந்தார். பின்சில்லு பூட்டியிருந்தது, திறப்பு அவனோடு போய்விட்டது. யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல், பின்பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி முன்சில்லில் உருட்டிக்கொண்டு வெயிலுக்குள் நடந்து போனார். நாங்கள் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் திரும்பி வரவே இல்லை.

அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. பிரித்தானியாவில் யாரும் வீடு புகுந்து பிள்ளை பிடிப்பதில்லை. 18 வயதுக்கு முன் யாரையும் போர்முனைக்கு அனுப்புவதில்லை என்பது இந்த நாட்டுப் படையின் கொள்கை. வன்னியில் பிற்காலத்தில் புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாகப் பிடித்ததை இதோடு வைத்துப் பேசினால் அந்தத் தாய்மாருக்குச் செய்யும் அநியாயம். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் சேர்க்கப்பட்டதை யுனிசெப் பதிந்து வைத்திருக்கிறது. அது பிழை என்று நம்மவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன். சொல்லிவிட்டுத்தான் இந்த நாட்டைப் பார்த்தும் கேட்கிறேன்.

2003-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுதான் போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கான செயல்திட்டத்தில் இலங்கை அரசும் புலிகளும் யுனிசெப்போடு சேர்ந்து ஒப்பமிட்டார்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை விடுவியுங்கள் என்று உலகம் கேட்டது, கேட்டது சரி. அதே ஆண்டில் பிரித்தானியா, சிறுவர்களைப் போரில் ஈடுபடுத்துவது பற்றிய ஐ.நா. நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. ஏற்கும்போதே, எங்கள் படையில் 16 வயதிலிருந்து சேர்ப்போம் என்று எழுதிக் கொடுத்தது. இன்றுவரை அது மாறவில்லை. ஐரோப்பாவில் 16 வயதுப் பிள்ளையை வழமையாகப் படையில் சேர்க்கும் நாடு இது ஒன்றுதான். விண்ணப்பத்தை 15 வயதும் 7 மாதமும் ஆனவுடனேயே போடலாம். என் மகன் இந்தக் கிழமையே போடலாம். வயதை 18 ஆக்குங்கள் என்று ஐ.நா. சிறுவர் உரிமைக் குழு திரும்பத் திரும்பச் சொல்லியும் பார்த்துவிட்டது.

பெற்றோர் கையெழுத்து வேண்டுமே, பிறகென்ன என்று சொல்வார்கள். சரி. 2023 பெப்ரவரி வரைக்கும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 16 வயதில் பெற்றோர் சம்மதத்தோடு கல்யாணம் செய்யலாம் என்றிருந்தது. அதை 18 ஆக்கினார்கள். பெற்றோர் சம்மதம் பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை, சில வீடுகளில் அந்தச் சம்மதமே ஆபத்து என்று கண்டுகொண்டதால்தான் மாற்றினார்கள். தீபாவளிக்குப் பட்டாசு வாங்கக்கூட இங்கே 18 வயது வேண்டும். கல்யாணத்துக்குப் போதாத சம்மதம் துவக்கைக் கையில் கொடுக்க மட்டும் எப்படிப் போதும்?

ஒப்பந்தத்தையும் வாசித்துப் பாருங்கள். தரைப்படையில் 18 வயதில் சேருகிறவர் குறைந்தது 4 ஆண்டு இருக்க வேண்டும். 16-ல் சேருகிற பிள்ளைக்கும் 4 ஆண்டுதான், ஆனால் எண்ணத் தொடங்குவது 18-வது பிறந்தநாளிலிருந்து. அதற்கு முன் இருந்த காலம் கணக்கில் இல்லை. 18 ஆகும் முன் விலக உரிமை உண்டு, உண்மைதான். ஹரோகேட்டில் உள்ள பயிற்சிக் கல்லூரியில் வீட்டை விட்டு விலகி, கட்டளைக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொண்டிருக்கிற 17 வயதுப் பிள்ளை, சக பிள்ளைகள் பார்த்திருக்க, எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

யாருடைய பிள்ளையைத் தேடுகிறார்கள் என்பதும் ஒளிவுமறைவில்லை. 2017-ல் கார்டியன் பத்திரிகை வெளியிட்ட படையின் விளம்பரக் குறிப்பில், 16 முதல் 24 வயதுக்குட்பட்ட, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள்தான் முக்கிய இலக்கு என்று இருந்தது. அடுத்த ஆண்டு இன்னொன்று வெளிவந்தது. ஜிசிஎஸ்இ பெறுபேறு வருகிற நாட்களை ஒட்டி 16 வயதுப் பிள்ளைகளின் முகநூலில், பெறுபேறு குறைந்தாலும் படையில் இடம் இருக்கிறது என்ற விளம்பரம். பெறுபேற்றுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு எப்படிப் போவது என்று நிற்கிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இனி அந்தத் திறப்புக் கோர்வைக்கு வருகிறேன். ஆமிக்காரர் சீருடையோடு வருகிறார்கள், பிள்ளைக்கு ஆளைத் தெரியும். கொம்பனி வருவது வேறு மாதிரி. பிஏஇ சிஸ்டம்ஸ் இந்த நாட்டின் ஆகப் பெரிய ஆயுத நிறுவனம். விமானப்படையோடும் கடற்படையோடும் சேர்ந்து கிட்டத்தட்ட இருபது ஆண்டுகளாக அது பள்ளிக்கூடங்களுக்குப் போய் அறிவியல் நிகழ்ச்சி நடத்துகிறது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளும் அதில் அடக்கம். பத்து வயதுப் பிள்ளை கைதட்டிச் சிரித்துப் படிக்கிறது, மறுக்கவில்லை. அதே நிறுவனம் கட்டுகிற டைஃபூன் போர் விமானங்களில் 72-ஐ வாங்க 2007-ல் சவூதி அரேபியா ஒப்பந்தம் போட்டது. 2015-லிருந்து அவை யேமன் மேல் பறந்து குண்டு போட்டன. சவூதிக்கு ஆயுத அனுமதி கொடுத்த முறை சட்டப்படி பிழை என்று 2019-ல் லண்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே அரசு அனுமதியைத் திரும்பத் தொடங்கியது. வகுப்பறைக் காட்சியில் இதில் ஒரு வரியாவது உண்டா?

அமெரிக்காவில் நடந்த ஒன்று எனக்கு மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. 2016-ல் லாக்ஹீட் மார்ட்டின் என்ற ஆயுத நிறுவனம் ஒரு பள்ளி பஸ்ஸை எடுத்து, ஜன்னல்களையெல்லாம் திரையாக்கியது. பிள்ளைகள் ஏறி இருந்தால் பஸ் வாஷிங்டன் தெருவில் ஓடும், ஜன்னலில் செவ்வாய்க் கிரகத்தின் சிவப்பு நிலம் ஓடும். பஸ் திரும்பினால் காட்சியும் திரும்பும். அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள். யாருக்குத்தான் ஆசை வராது!

இரண்டு ஆண்டு கழித்து, 2018 ஆகஸ்ட் 9-ஆம் திகதி, யேமனில் தஹ்யான் என்ற ஊரின் சந்தையில் இன்னொரு பஸ் நின்றது. கோடை வகுப்புப் பிள்ளைகள் சுற்றுலா போன பஸ். சவூதி கூட்டணியின் விமானம் அதன் மேல் குண்டு போட்டது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கில் இறந்தவர்கள் 51 பேர், அதில் 40 பேர் பிள்ளைகள். யுனிசெப் கொடுத்த நீல நிறப் புத்தகப் பைகள் இரத்தத்தோடு வரிசையாகக் கிடந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குண்டின் துண்டில் இருந்த எண்களை வைத்து அது லாக்ஹீட் மார்ட்டின் செய்த எம்கே 82 குண்டு என்று சிஎன்என் கண்டுபிடித்தது.

செவ்வாய்க்குப் போன பஸ்ஸில் இருந்த பிள்ளைக்கு இந்தப் பஸ்ஸைப் பற்றி யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இதுதான் என் கேள்வி முழுவதும்.

நம் சனத்தில் பொறியியல் படித்து இந்த நிறுவனங்களில் நல்ல வேலையில் இருக்கிற பிள்ளைகள் எனக்கும் தெரிந்தவர்கள்தான். அவர்களை நான் பழிக்கவில்லை. பரோ, வார்ட்டன் போன்ற ஊர்களில் நீர்மூழ்கிக் கப்பலும் விமானமும் கட்டுகிற வேலையில்தான் அடுப்பு எரிகிறது. உக்ரேனில் நடப்பதைப் பார்த்துவிட்டு நாட்டுக்குப் படை வேண்டாம் என்று சொல்லவும் என்னால் முடியாது. 22 வயதில் பட்டத்தோடு, எல்லாம் தெரிந்து, ஒருவர் அந்த வேலையை எடுக்கிறார் என்றால் அது அவர் முடிவு. 15 வயதில் இறக்கைக்குக் கீழே இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு விமானத்தைக் கையில் கொடுப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதிபருக்குக் கடிதம் எழுதினேன். கோபமாக எழுதவில்லை. 1996 கல்விச் சட்டத்தின் 407-வது பிரிவைக் குறிப்பிட்டேன். அரசியல் விவாதமுள்ள விஷயத்தைப் பிள்ளைகள் முன் வைத்தால் எதிர்க் கருத்தையும் நடுநிலையோடு வைக்க வேண்டும் என்கிறது அது. ஆயுத விற்பனை அப்படிப்பட்ட விஷயம்தானே. மூன்று கேள்வி கேட்டேன். அந்த நிறுவனம் என்ன செய்து விற்கிறது, யாருக்கு விற்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னீர்களா? அடுத்த முறை இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி, போர் பார்த்த ஒருவரையும் அழைப்பீர்களா? படைக்கு ஆள் சேர்க்க வருகிறவர்களை 18 வயதுக்குக் குறைந்த வகுப்புகளுக்கு விடாமல் இருப்பீர்களா?

அனுப்பும் முன் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். வெட்கப்படுவான், "வேண்டாம் அப்பா" என்பான் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்களோட படிச்ச அந்தப் பெடியன்ர பெயர் என்ன?" என்றான். சொன்னேன். நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

வியாழக்கிழமை மாலை 6 மணிக்கு அதிபர் நேரம் தந்திருக்கிறார். இதே பள்ளிக்கூடத்தில் பிள்ளை படிக்கிற நாலைந்து தமிழ்ப் பெற்றோர் என் நண்பர் பட்டியலில் இருக்கிறீர்கள். கூட வரக்கூடியவர்கள் உள்பெட்டியில் ஒரு சொல் போடுங்கள். மற்ற ஊர்களில் இருப்பவர்கள், உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு யார் வந்து போகிறார்கள் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். கடிதத்தின் பிரதி வேண்டுமானால் தருகிறேன்.