மீன்பிடித் தடைக்காலத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்தால் என்ன?

ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு நீச்சல் தானாக வந்துவிடும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. வராது. வள்ளத்தில் போகிற பையனுக்கு வரும், அவன் தங்கச்சிக்கு வராது. கடலை விட்டு உள்ளே போனால் இன்னும் மோசம். மாசக்கணக்கில் காய்ந்து கிடக்கிற ஊருணியும் கண்மாயும் ஐப்பசி மழையில் நிரம்பிவிடும். கோடையில் வண்டல் அள்ளிய பள்ளம் உள்ளே ஆள் உயரத்துக்குக் கிடக்கும், மேலே பார்த்தால் ஒரே மட்டத் தண்ணீர். முழங்காலளவில் நிற்கிற பிள்ளை அடுத்த எட்டில் காணாமல் போகும்.

நீச்சல் குளம் கேட்டு மனுப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குடிக்கிற தண்ணிக்கே குடத்தோடு நிற்கிற மாவட்டம் இது. பங்களாதேஷில் கிராமத்துக் குளத்துக்குள்ளேயே மூங்கிலால் அடைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 25 மீட்டர் நீந்தணும், 30 வினாடி மிதக்கணும், கரையில் நின்றே அடுத்தவரைக் காப்பாற்றணும். பாஸாக இது போதும்.

நமக்கு வடகடல், அதாவது பாக் நீரிணை, இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். பள்ளிக்கூடமும் மே மாசம் லீவு. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும்போது வடகடல் பக்கம் அடங்கிக் கிடக்கும். கடலோடிகள் கரையில்தான் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு, பாம்பன் பக்கம் கண்ணாடி மாட்டி முங்கிக் கடற்பாசி எடுக்கிற அக்காமார்களை விட நல்ல ஆசிரியர் எந்த ஊரில் கிடைப்பார்? இவர்களுக்கு நாள்கூலி கொடுங்கள், சேவை என்று சொல்லி ஓசியில் வாங்காதீர்கள்.

அடைப்பு 30 அடிக்கு 20 அடி. நீளவாக்கில் மூன்று தடவை போனால் 25 மீட்டர் தாண்டிவிடும். ஐந்தடிக்கு ஒரு சவுக்குக் கழி, இடையில் மூங்கில் பிளாச்சு நாலு விரல் இடைவெளியில். பழைய வலையைக் கட்டாதீர்கள், கால் சிக்கும். ஆழம் பிள்ளையின் நெஞ்சளவு, அதையும் தண்ணீர் ஏறி நிற்கும்போது அளக்கணும். வத்தத்தில், அதாவது தண்ணீர் இறங்கி நிற்கும்போது, அளந்த நெஞ்சளவு சாயங்காலம் மூக்களவாகிவிடும். தரையைக் காலால் துழாவிச் சிப்பி, பாட்டில், முறிந்த கழி எல்லாம் எடுத்துவிட்டுத்தான் பிள்ளைகளை இறக்கணும். சொறி (ஜெல்லி மீன்) மிதந்தால் அன்றைக்கு வகுப்பு கிடையாது. ஐந்து பிள்ளைக்கு ஒருவர் தண்ணீருக்குள். கரையில் ஒருவர் தலை எண்ணுவதற்கு மட்டும், கையில் போன் இல்லாமல்.

முதல் வாரம் கையும் காலும் அடிக்க வேண்டாம். முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சை வெளியே விடணும், பிறகு மல்லாந்து மிதக்கணும்: காது தண்ணீருக்குள், வயிறு மேலே. நம் ஊர் வழக்கப்படி இடுப்பில் காலிக் கேனைக் கட்டித் தள்ளிவிடுவது இந்த இடத்தில்தான் கெடுக்கிறது. கேன் இடுப்பைத் தூக்கும், தலை தாழும். பிள்ளை பயத்தில் நிமிர்ந்து சைக்கிள் மிதிக்கப் பழகும். கேனை அவிழ்த்த அன்றைக்கு முங்கும். லாரி ட்யூபும் வேண்டாம், காற்று அடித்தால் பிள்ளையோடு ஆழத்துக்குப் போய்விடும்.

உப்புத்தண்ணீர் தூக்கிக் கொடுக்கும், நல்லதண்ணீர் அவ்வளவு தூக்காது. கடலில் பாஸான பிள்ளையை மழைக்குப்பின் ஊருணியிலும், உடுத்திய சுடிதார் சட்டையோடு, ஆள் துணையில் ஒருதரம் மிதக்கவிட்டுப் பாருங்கள். தனுஷ்கோடி முனைப் பக்கம் எந்தப் பாடமும் வேண்டாம். அங்கே நீரோட்டம் பெரியவர்களையே இழுக்கும்.

கூடவே இன்னொன்று. ஒருவர் முங்கினால் காப்பாற்றப் போன அண்ணனும் சேர்ந்து போவது ஏன்? முங்குகிறவர் கழுத்தைக் கட்டிக்கொள்வார். பிள்ளைகளுக்கு இறங்காதே, கத்து, எறி என்று பழக்கணும். தூக்கிவந்தபின் தலைகீழாகச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது வேண்டாம். மூச்சில்லை என்றால் மூக்கைப் பொத்தி வாயில் ஐந்துமுறை ஊதி, பிறகு நெஞ்சில் 30 அமுக்கு, 2 ஊதல், அப்படியே தொடரணும். அதற்குள் ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும்.

எறிவதற்கு 5 லிட்டர் கேன், 15 மீட்டர் கயிறு. கேனுக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடுங்கள், வெறுங்கேன் காற்றில் திரும்பி வரும். ஊருணிப் படிக்கட்டில் கழி நட்டுத் தொங்கவிட்டால் ஒரு வாரத்தில் யாராவது மண்ணெண்ணெய்க்கு எடுத்துப்போவார்கள். சிவப்புப் பெயிண்ட் அடித்து ஊர்த்தலைவர் பெயரை எழுதிவிடுங்கள், கொஞ்ச நாளைக்காவது இருக்கும்.