படமெடுக்கிற பாம்பைக் கொஞ்சிய விஞ்ஞானி

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் ‘ப்ரொமிதியஸ்’ படத்தை மறுபடி போட்டேன். 2012ல் தியேட்டரை விட்டு வெளியே வந்தபோது இருந்த கடுப்பு கொஞ்சம்கூடக் குறையவில்லை.

1979ல் ‘ஏலியன்’ எடுத்த அதே ரிட்லி ஸ்காட், முப்பது வருஷம் கழித்து அதே உலகத்துக்குத் திரும்பி வருகிறார். காட்சிகளில் குறையே சொல்ல முடியாது. ஆரம்பத்தில் வரும் அந்த அருவிக்கே டிக்கெட் காசு சரியாகிவிட்டது. கோளாறு எல்லாம், மனிதனைப் படைத்தவர்களைத் தேடி விண்கப்பலில் ஏற்றிக்கொண்டு போன ஆட்களிடம்.

ஃபிஃபீல்டு என்று ஒரு புவியியலாளர். உருண்டைக் கருவிகளைப் பறக்கவிட்டு குகை மொத்தத்தையும் வரைபடமாக்குவது அவர்தான். வெளியே போக வழி தெரியாமல் தொலைந்துபோவதும் சாட்சாத் அவரேதான்! கூடவே மில்பர்ன், உயிரியலாளர். வேற்றுக்கிரகவாசியின் உடல், செத்து 2000 வருஷம் ஆனது, கண்முன்னே கிடக்கிறது. உயிரியல் படித்தவன் அதை விட்டு நகர்வானா? இவர் பயந்துபோய் நடையைக் கட்டுகிறார். அதே மனுஷன், கொஞ்ச நேரத்தில் பாம்பு மாதிரி ஒன்று உயிரோடு எழும்பிப் படம் விரிக்கும்போது, “அழகா இருக்கா” என்று கொஞ்சிக்கொண்டு கையை நீட்டுகிறார். நம்மூர்ப் பத்து வயசுப் பையன்கூட பின்னங்கால் பிடரியில் பட ஓடியிருப்பான்.

1979 ‘ஏலியன்’ படத்தில் ஏழே பேர். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் யாஃபெட் கோட்டோவும் ஹாரி டீன் ஸ்டான்டனும் போனஸ் பங்கு பற்றிப் புலம்ப ஆரம்பிப்பார்கள். அவ்வளவுதான், அவர்கள் நிஜமாகவே அந்தக் கப்பலில் வேலை பார்ப்பவர்கள் என்று நம்பிவிட்டோம். எந்தப் பாத்திரத்தையும் ஆணோ பெண்ணோ நடிக்கலாம் என்று அந்தத் திரைக்கதையிலேயே குறிப்பு உண்டு. அப்படித்தான் அதிகம் அறியப்படாத சிகர்னி வீவருக்கு நாயகி ரிப்ளி வேஷம் அமைந்தது.

‘ப்ரொமிதியஸ்’ படத்தில் நடிகர் கை பியர்ஸ். அப்போது அவருக்கு 45 வயதுகூட முடியவில்லை. முகம் முழுக்க ரப்பரை ஒட்டி, இந்தப் பயணத்துக்குப் பணம் போட்ட, சாகக் கிடக்கும் கிழவர் வேலண்டாக நடக்க வைத்திருக்கிறார்கள். ‘இந்தியன்’ தாத்தா வேஷத்துக்கு ஒரு நியாயம் இருந்தது, அப்பாவும் மகனும் ஒரே நடிகர். இந்தப் படத்திலோ இளம் வேலண்ட் ஒரு காட்சியில்கூடக் கிடையாது. அவர் வந்தது விளம்பரத்துக்கு எடுத்த குட்டி வீடியோவில். ஹாலிவுட்டில் நிஜக் கிழவர்களுக்கா பஞ்சம்? அவர் வாயைத் திறந்த போதெல்லாம் என் கண் கன்னத்து மடிப்பிலேயே நின்றது.

சார்லிஸ் தெரோன் பாவம். விறைப்பாக நிற்க வைத்து, கடைசிப் பக்கம் வேலண்டைப் பார்த்து “அப்பா” என்று ஒரு வார்த்தை சொல்ல வைத்து, சக்கரம் மாதிரி உருண்டு வரும் வேற்றுக்கிரகவாசிகளின் கப்பலுக்கு முன்னால் நேர்கோட்டில் ஓடவிட்டுச் சாகடித்துவிட்டார்கள். பக்கவாட்டில் நாலு அடி போயிருக்கலாம் தாயே.

மனிதர்கள் போன கப்பலில் மனுஷன் மாதிரி இருந்தது டேவிட் என்கிற ரோபோ மட்டும்தான். மற்றவர்கள் உறங்கிக் கிடக்க, தனியாக ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ பார்த்து, அதன் நாயகன் பீட்டர் ஓ’டூல் மாதிரியே தலை சீவிக்கொள்கிறான். டேவிட்டாக வரும் ஃபாஸ்பெண்டர் நடிப்பில் அந்த மெல்லிய பொறாமை எங்கிருந்து வந்ததோ! போதையில் இருக்கும் விஞ்ஞானி ஹாலோவேயிடம், எங்களை எதற்கு உருவாக்கினீர்கள் என்று கேட்கிறான். எங்களால் முடிந்தது, செய்தோம் என்கிற மாதிரி பதில் வருகிறது. உங்களைப் படைத்தவரும் இதையே சொன்னால் எவ்வளவு ஏமாற்றமாக இருக்கும் என்று சிரித்த முகத்தோடு கேட்டுவிட்டு, குகையிலிருந்து கொண்டுவந்து விரல் நுனியில் வைத்திருந்த கருப்புத் துளியை அவன் கோப்பையில் நனைக்கிறான்.

அந்த ஒரு காட்சியை மட்டும் மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.