யாரால்?

ஞாயிற்றுக்கிழமை பேராதனைப் பூங்காவில் ஒரு மரபு நடையில் என் மாணவி கேள்வி கேட்க, வழிகாட்டி அவள் வாயை அடைத்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதன் வீடியோவுக்குக் கீழே வந்து விழுகிற கருத்துகளைப் படித்த பிறகு முடியவில்லை. முழுவதும் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காமலே தீர்ப்புச் சொன்னவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள்.

பேராதனைத் தாவரவியல் பூங்காமீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த மரபு நடையை நடத்தியது வெளியில் உள்ள ஒரு குழு. பெயர் சொல்லப்போவதில்லை. இந்தத் தடவை தமிழிலும் நடத்துகிறோம் என்று அறிவித்திருந்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பதினொரு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு விடியற்காலை நாலு மணிக்கு வேன் ஏறினோம். அதில் ஐந்து பேருக்கு அதுதான் முதல் கண்டிப் பயணம். பெற்றோர் நாள் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த காசு. ஒரு பிள்ளை பள்ளிக்கூடச் சப்பாத்தை இரவே வெள்ளையடித்து வைத்திருந்தது.

வழிகாட்டி நன்றாகத்தான் பேசினார். அதை மறைக்க மாட்டேன். 1821இல் அலெக்சாண்டர் மூன் இந்தப் பூங்காவைத் தொடங்கியது, மகாவலி வளைந்து ஓடும் 147 ஏக்கர் நிலம், 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தை இங்கே கொண்டுவந்து வைத்தது, எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார். பெரிய புல்வெளியில் படர்ந்து நிற்கும் ஜாவா அத்தி மரத்தின் கீழ் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். இவ்வளவு தெரிந்தவரா அப்படிச் சொன்னார் என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

எல்லாம் பயிர்க் கதையில்தான் தொடங்கியது. 1876இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து ஏறக்குறைய 1,900 இறப்பர் கன்றுகள் இலங்கைக்கு வந்த கதையைச் சொன்னார். அந்தக் காலத்தில் கன்றுகளைக் கப்பலில் கொண்டுவர மூடிய கண்ணாடிப் பெட்டி இருந்ததாம். உப்புக்காற்று படாது. வெயில் உள்ளே வரும். மண்ணிலிருந்து எழும் ஈரம் கண்ணாடியில் படிந்து திரும்ப மண்ணுக்கே சொட்டும். மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றாமலே செடி உயிரோடு இருக்கும். கையை மடக்கி, விரித்து, அந்தப் பெட்டி எப்படி இருக்கும் என்று பத்து நிமிடம் விளக்கினார். நானும் ரசித்துத்தான் கேட்டேன். ஆனால் கேட்கக் கேட்க என் அடிவயிற்றில் என்னவோ செய்தது. ஏனென்றால் அதே காலத்தில், அதே வெள்ளைக்காரத் துரைமாருக்காக, கோப்பித் தோட்டத்துக்குத் தமிழகத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக நடந்தார்கள். வாந்திபேதியிலும் அம்மையிலும் வழியிலேயே செத்து விழுந்தார்கள். செடிக்குக் கண்ணாடிப் பெட்டி இருந்தது.

அப்புறம் தேயிலை. 1839இல் கல்கத்தாவிலிருந்து அசாம் தேயிலை விதை பேராதனைக்கு வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது, இங்கே பணிப்பாளராக இருந்த த்வெய்ட்ஸ் அதன் ஆபத்தைத் துரைமாருக்கு எடுத்துச் சொன்னார். எல்லாம் சரியான தகவல். பிறகு இப்படிச் சொன்னார், வீடியோவில் தெளிவாக இருக்கிறது: "கோப்பி அழிந்தது. காடுகள் வெட்டப்பட்டன. மலைகள் முழுவதும் தேயிலை நடப்பட்டது. பாதைகள் போடப்பட்டன. மலைநாடு பச்சைப் போர்வை போர்த்திக்கொண்டது."

நான் தமிழ் டீச்சர். அதற்கு முந்திய வாரம்தான் ஒன்பதாம் ஆண்டுக்குச் செய்வினை, செயப்பாட்டுவினை நடத்தினேன். 'மரம் வெட்டப்பட்டது' என்று வந்தால் உடனே 'யாரால்?' என்று கேட்க வேண்டும், பதில் வந்துவிட்டால் செய்வினையாக மாற்றிவிடலாம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். என் மாணவி அதைத்தான் செய்தாள். கையைத் தூக்கி, "யாரால சேர்?" என்று கேட்டாள். ஒரு சொல். வகுப்பில் கேட்கிற மாதிரியே கேட்டாள். குரலில் ஒரு குத்தலும் இல்லை. பாடம் விளங்கிய சந்தோஷம்தான் இருந்தது.

அவர் என்ன சொன்னார்? "பிள்ளை, இது தாவரவியல். இங்கே அரசியல் வேண்டாம்."

அவ்வளவுதான் சம்பவம். இதற்கு ஏன் இவ்வளவு கூச்சல் என்று கேட்கிறார்கள்.

நான் கேட்பது ஒரு வரி. 'தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் இந்தக் காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள்' என்று ஒரே ஒரு வரி. சொல்லி முடிக்க ஐந்து விநாடி ஆகாது. மவுண்ட்பேட்டனுக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. கண்ணாடிப் பெட்டிக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. எங்களுக்கு ஐந்து விநாடி இல்லை. மவுண்ட்பேட்டன் எந்தச் செடியை நட்டு வளர்த்தார்? அவர் கதை தாவரவியலுக்குள் அடங்குகிறது, தேயிலைக் கன்றுக்குக் குழி வெட்டியவன் கதை மட்டும் அரசியலாகிவிடுகிறதா?

தேயிலைக் குழி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒன்றரை அடி ஆழம், முக்கால் அடி அகலம். செங்குத்தான மலையில் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் ஊன்றி நின்று, அலவாங்கு என்கிற கடப்பாரையால் குத்திக் குத்தி மண்ணைக் கையால் அள்ளிப் போட வேண்டும். என் தாத்தா மறுநடுகைக் காலத்தில் குழி வெட்டியவர். வயதான பிறகும் அவருடைய வலது உள்ளங்கை முழுதாக விரியாது. அலவாங்கு பிடித்த மாதிரியே வளைந்து நிற்கும். சோற்றுத் தட்டை அந்தக் கையில் வைத்தால் தட்டுக்கென்றே செய்த தாங்கி போல இருக்கும். சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் தொண்டை அடைக்கிறது. இதுவும் தாவரவியல்தான் ஐயா. அந்தச் செடி மண்ணில் வேர் பிடித்தது அந்தக் கையால்தான்.

கொஞ்ச நேரத்தில் நாகலிங்க மரத்துக்கு வந்தோம். பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவரும் அவர் மனைவி மேரியும் 1901இல் நட்ட மரம். அடிமரத்திலிருந்தே பூக்கிறது. கீழே விழுந்த ஒன்றை எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். உள்ளே பாம்புப் படம் மாதிரி வளைந்த இதழ், அதன் கீழே லிங்கம் மாதிரி மஞ்சள். கையெல்லாம் வாசம். பக்கத்துப் பலகையில் மரத்தின் பெயர், தென்னமெரிக்கப் பூர்வீகம், நட்டவர், ஆண்டு. அரசர்கள், பிரதமர்கள், 1961இல் வந்த யூரி ககாரின் என்று எத்தனையோ பேர் நட்ட மரங்கள் அங்கே நிற்கின்றன. அவர்கள் கையில் ஒரு கரண்டி மண்ணைக் கொடுத்திருப்பார்கள். குழி அதற்கு முதல் நாளே யாரோ தோண்டி வைத்ததுதானே?

அந்த 1901 என்ற எண்ணைப் பார்த்தவுடன் எனக்கு அப்பாயியின் வெற்றிலைப் பெட்டி ஞாபகம் வந்தது. அதே 1901இல்தான் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவருவதற்குத் தகரத் துண்டு முறை தொடங்கியது. அப்பாயியின் அப்பா கழுத்தில் போட்டு வந்த துண்டு எங்கள் வீட்டில் இருந்தது. ஐந்து ரூபாய் நாணயக் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிது. நூல் கோர்க்க ஓர் ஓட்டை. விளிம்பெல்லாம் கறுத்து, ஒரு பக்கம் வளைந்திருக்கும். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள், எத்தனையாவது ஆள் என்பதற்கான எண் அதில் இருக்கும். பெயர் இருக்காது. அவர் பெயர் என்ன என்று அப்பாயியிடம் கேட்டால் சொல்லுவார், அப்புறம் துண்டைத் திருப்பிப் பார்த்து, "இதுல இல்ல பாரு" என்பார். ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பார்ப்பார்.

அதே வருடம் நட்ட மரத்துக்குப் பெயர் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். அது நல்லதுதான், வைக்கட்டும். நான் கேட்பது அந்த ஒரு வரி.

சரி, விமர்சனங்களுக்கு வருகிறேன்.

'எல்லாவற்றையும் இரண்டு மணி நேரத்தில் சொல்ல முடியுமா?' முடியாது. அதனால்தான் எதைச் சொல்கிறோம், எதை விடுகிறோம் என்பது முக்கியம். அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

'பூங்காவில் வேலை செய்தவர்கள் உங்கள் ஆட்கள் மட்டுமா? மலையைப் பறிகொடுத்த சிங்களக் கிராமத்தவர்கள் கதையும் இருக்கிறதே?' இருக்கிறது. 1840ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் பத்திரம் காட்ட முடியாத காடும், காட்டை எரித்துப் பயிரிடும் சேனை நிலமும் அரசுக்குச் சொந்தமென்று ஆகி, பிறகு துரைமார் கைக்குப் போனது. அந்தக் கிராமத்தவர்களின் வலி உண்மையானது. அதையும் அவர் சொல்லவில்லை. 'காடுகள் வெட்டப்பட்டன' என்ற அந்த வாக்கியத்துக்குள் அவர்களும்தான் காணாமல் போனார்கள். அவர்களுக்கும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள், நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். எங்கள் வாயை அடைப்பதற்கு மட்டும் அவர்களை இழுத்துக்கொண்டு வராதீர்கள்.

'வழிகாட்டியும் தமிழர்தானே, அவரைப் போய்...' அதுதான் இன்னும் வலிக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதியவர்கள் பலரும் எனக்குத் தெரிந்தவர்கள், இரண்டு பேர் என்னோடு படித்தவர்கள். 'பூ பார்க்கக் கூட்டிக்கொண்டு போன பிள்ளையைத் தூண்டிவிட்டிருக்கிறாள்.' இதைப் படித்துவிட்டு இரவு முழுக்கத் தூங்கவில்லை. பதினாலு வயதுப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் அதை யாராவது தூண்டிவிட்டிருக்க வேண்டுமா? தோட்டத்துப் பிள்ளைக்குத் தானாகக் கேள்வி வராதா? கண்டியிலோ கொழும்பிலோ பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளை கேட்டிருந்தால் 'என்ன கெட்டிக்காரப் பிள்ளை' என்று அதே வீடியோவைப் பகிர்ந்திருப்பீர்கள். எங்கள் பிள்ளை கேட்டால் தூண்டுதல். நான் படித்த காலத்தில் ஒரு சமூகக்கல்வி வகுப்பில், 'தேயிலை யார் கொண்டுவந்தது' என்ற கேள்விக்கு 'எங்க பூட்டன்' என்று நான் சொல்ல, வகுப்பே சிரித்தது. அன்றைக்கு உட்கார்ந்தவள் அதற்குப் பிறகு மூன்று வருடம் எந்த வகுப்பிலும் கை தூக்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு அப்படி நடக்கக்கூடாது என்று நான் பதறுவது தப்பா?

அரசியல் வேண்டாம் என்கிறார்கள். எங்களுக்கு அரசியல் வேண்டுமென்று நாங்களா கேட்டோம்? 1948இல் ஒரு சட்டம் போட்டு எங்கள் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கியது யார்? 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, ஐந்தே கால் இலட்சம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பிரித்துக் கையெழுத்துப் போட்டார்களே, அப்படி அங்கே அனுப்பப்பட்டவர்களில் ஒருவர்தான் எங்கள் தாத்தாவின் தம்பி. கோத்தகிரிப் பக்கம் போனார். போய் அங்கேயும் தேயிலைதான் பறித்தார். இங்கே இருக்கும்வரை 'இந்தியாக்காரன்'. அங்கே போனதும் 'சிலோன்காரன்'. சாகும்வரை அந்தப் பெயர் போகவில்லை. அவர் எழுதிய கடிதம் ஒன்றில், இங்கே தோட்டத்துக் குடியிருப்பில், காம்பரா வாசலில் அவர் வைத்த கொய்யா காய்க்கிறதா என்று கேட்டிருந்தார். தாத்தா பதில் எழுதவில்லை. அவருக்கு எழுதத் தெரியாது, அப்பா தோட்டத்தில் இல்லாத நேரம் அது. மரத்தை அதற்கு முன்பே வெட்டிவிட்டிருந்தார்கள் என்று பிறகு அப்பா சொன்னார்.

எங்கேயோ தொடங்கி எங்கேயோ வந்துவிட்டேன். மன்னியுங்கள். ஆனால் எனக்கு இது எல்லாம் ஒரே விஷயமாகத்தான் தெரிகிறது.

2023இல், எங்கள் ஆட்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது அதில் கொஞ்சத் தூரம் நானும் போனேன். ஒரு நாள் நடந்ததற்கே கால் கொப்பளித்துவிட்டது. எங்களுக்கு வழியில் தண்ணீர் கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள், சிங்களக் கிராமத்து அம்மா ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதுவும் ஒரு மரபு நடைதான். அன்றைக்கு யாரும் எங்களிடம் 'இங்கே அரசியல் வேண்டாம்' என்று சொல்லவில்லை.

ஞாயிறு மாலை திரும்பி வரும்போது வேனில் அந்தப் பிள்ளை பேசாமல் வந்தாள். கொப்பியைப் பார்த்தேன். நாகலிங்கப் பூவை அழகாக வரைந்திருந்தாள். கீழே மரத்தின் பெயர், நாடு, ஆண்டு, நட்டவர் எல்லாம் எழுதியிருந்தாள். 'யாரால்' என்று ஒரு சொல் எழுதி, பிறகு அதைப் பேனையால் அழுத்தி அழுத்தி அடித்திருந்தாள். தாளே கிழிந்திருந்தது. "தப்பா கேட்டுட்டேனா டீச்சர்?" என்றாள். இல்லை என்று சொன்னேன். அவள் நம்பிய மாதிரித் தெரியவில்லை.

குழுவுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். திட்டி எழுதவில்லை. அந்த ஒரு வரியை நானே எழுதி, நடையில் எந்த இடத்தில் சேர்க்கலாம் என்பதையும் குறித்து அனுப்பியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. பதில் வந்தாலும் வராவிட்டாலும், வரும் விடுமுறையில் பிள்ளைகளை மறுபடியும் பேராதனைக்குக் கூட்டிப்போகிறேன். இந்தத் தடவை வழிகாட்டி இல்லை. அந்த மாணவிதான் நாகலிங்க மரத்தடியில் பேசப்போகிறாள். இன்னும் சரி என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

ஒரு உதவி. எங்கள் வீட்டுத் தகரத் துண்டு அப்பாயி இறந்த பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. வெற்றிலைப் பெட்டி மட்டும்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பழைய பெட்டிகளில், சாமிப்படத்துக்குப் பின்னால், எங்காவது ஒன்று கிடந்தால் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து உள்பெட்டிக்கு அனுப்புங்கள். அதைப் போட்டு வந்தவரின் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.