கப்பல் அங்கேயே நிற்பதில்லை

கப்பல் எதிர்ப்பு ஏவுகணை பற்றி ஒரு செய்தி வந்தால் போதும், ஒலியைப் போல் எத்தனை மடங்கு வேகம், எத்தனை கிலோமீட்டர் பாயும் என்ற இரண்டு எண்களோடு விவாதம் முடிந்துவிடுகிறது. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. சுடப்படும் கப்பல் ஓடிக்கொண்டிருக்கிறதே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

விமானந்தாங்கிக் கப்பல் மணிக்கு 30 கடல் மைல், அதாவது சுமார் 55 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியது. ஏவுகணை வந்துசேரப் பத்து நிமிடம் ஆகும் என்றால், அதற்குள் கப்பல் ஏதாவது ஒரு திசையில் 9 கிலோமீட்டர் விலகியிருக்கலாம். தேட வேண்டிய கடற்பரப்பு 250 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

வேகம் கூடினால் இது தீர்ந்துவிடும் என்பார்கள். வளிமண்டலத்தைத் தாண்டி உயரப் போய் மீண்டும் கீழே பாயும், சீனாவின் டிஎஃப்-21டி போன்ற பாலிஸ்டிக் ஏவுகணைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வளிமண்டலத்துக்குள் அவ்வளவு வேகத்தில் திரும்ப நுழையும்போது, கொதிக்கும் காற்று பிளாஸ்மா எனும் மின்னேறிய வாயுவாகி ஏவுகணையின் முனையைச் சூழ்ந்து ரேடியோ அலைகளை மறிக்கிறது. கப்பலைத் தேட வேண்டிய நேரத்தில் கண் மறைகிறது. பார்ப்பதற்காக வேகத்தைக் குறைத்தால், கப்பலின் தற்காப்பு ஏவுகணைகளுக்கு அது எளிதில் இரையாகும். இந்தப் பெயருக்குப் பின்னால் பொறியாளர்கள் படும் உண்மையான பாடு இதுதான்.

கப்பல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே சோவியத் ஒன்றியம் அணு உலை பொருத்திய ரேடார் செயற்கைக்கோள்களை விண்ணில் ஏவியது. அவற்றில் ஒன்றான காஸ்மோஸ்-954, 1978 ஜனவரியில் வடக்குக் கனடாவில் விழுந்து கதிரியக்கச் சிதைவுகளை இறைத்தது.

கண்டுபிடித்தாலும், அது எந்தக் கப்பல் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. என்னை அதிகம் கலங்கவைப்பது இதுதான். அமெரிக்காவின் டோமஹாக் ஏவுகணையின் பழைய கப்பல் எதிர்ப்பு வடிவம் சுமார் 450 கிலோமீட்டர் பறந்தது. அதற்கு அரை மணி நேரம் பிடித்தது. அதற்குள் குறிவைத்த போர்க்கப்பல் நகர்ந்து, அந்த இடத்துக்கு ஒரு சரக்குக் கப்பல் வந்திருந்தால், ஏவுகணைக்கு வித்தியாசம் தெரியாது. 1990-களில் அமெரிக்கக் கடற்படை அதைப் பயன்பாட்டிலிருந்து விலக்கிக்கொண்டது.

1982 மே 25 அன்று ஃபாக்லாந்துப் போரில், அர்ஜென்டினா விமானங்கள் இரண்டு எக்சோசெட் ஏவுகணைகளைச் செலுத்தின. பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ரேடாரை ஏமாற்றும் உலோகத் துணுக்குகளைத் தூவித் தப்பின. திசைமாறிய ஏவுகணைகள் அட்லாண்டிக் கன்வேயர் என்ற வணிகக் கப்பலைத் தாக்கின. அதனிடம் தூவத் துணுக்குகள் இல்லை. 12 பேர் இறந்தார்கள்.